கிராமப் பாடசாலையும் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுக்கும் முறையும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கான பிரசங்கத்தின் வாசகம்)



கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கில் ஓடு உடைந்து எரு மூட்டைகள் நனையுமானால், யாரைக் கேட்பது என்பதில் எந்த அங்கத்தினருக்கும் சந்தேகம் உண்டாவதில்லை. அவர் பஞ்சாயத்தாரைக் கேட்கிறார். அவர்கள் சரியான பதில் சொல்லாவிட்டால் மகாசபையில் எழுந்து பேசுகிறார். அவருக்குள்ள பங்கு ஒன்றாயினும் பத்தாயினும் வோட்டு ஒன்று உண்டு. அதே அங்கத்தினரின் குழந்தை படிக்கும் பாடசாலையில் ஓடு உடைந்தால் யாரைக் கேட்பது? தலைமை உபாத்தியாயரையா, ஊராட்சித் தலைவரையா, ஒன்றிய அலுவலகத்தையா, கல்வி இலாகாவையா? ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்துச் சலித்த பிறகு, யாரேனும் ஒரு பெற்றோர் தம் செலவில் பத்து ஓடு வாங்கிப் போடுவதும் உண்டு. அது நல்ல காரியமே. ஆயினும் அந்தக் கேள்விக்கு அது விடையாகாது.

பாடசாலையை ஆளுகிறவர்களை எப்படித் தெரிந்தெடுப்பது, அவர்கள் கையில் எவ்வளவு பணத்தை ஒப்புவிப்பது, அப்பணத்துக்கு யாரிடம் கணக்குக் கேட்பது என்னும் இம்மூன்றும் ஒரே கேள்வியின் பகுதிகள். இவற்றைத் தனித்தனியே பிரித்துச் சட்டம் செய்த காலங்களிலெல்லாம் பாடசாலைக்கு ஏதேனும் ஒரு குறை நேர்ந்திருக்கிறது. உத்தரமேரூர்ப் பகுதியில் இருப்பவர்களுக்கு இதை விளங்கிக்கொள்ள வெகு தூரம் போகவேண்டியதில்லை. ஊர் நடுவிலுள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரண்டை சென்றால் போதும்.

அச்சுவரிலுள்ள இரண்டு சாஸனங்கள் முதற் பராந்தக சோழனுடைய 12-ஆம், 14-ஆம் ஆட்சி ஆண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை. கல்வெட்டு இலாகாவினர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றைப் படியெடுத்தனர். பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932-ல் வெளியிட்ட சோழர் ஆட்சிமுறை பற்றிய ஆங்கில நூலில் இவ்வூர்ச் சபையை விரிவாக ஆராய்ந்தார். குடவோலை என்ற பெயர் இக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பெயர் தெரிந்த அளவுக்கு அதன் நிபந்தனைகள் தெரிந்திருப்பதாகச் சொல்ல முடியாது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இக்காலத்து வார்டு என்று கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டு, குடும்பின் பெயர் தாங்கிய வாயோலையுடன் தனிக் கட்டாகக் கட்டப்பட்டன. மகாசபை இளைஞர் முதியோர் உட்படக் கூடியிருக்கும் இடத்தில், வயதில் மூத்த நம்பி ஒருவர் வெறுங் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவார். பிறகு ஒரு குடும்பின் ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்குவர். உள்ளிருப்பது இன்னதென்றறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிப்பான். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதையே திரும்ப வாசிப்பர். இவ்விதம் குடும்புக்கு ஒருவராக முப்பது பேர். அவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் இதே மாதிரி வேறு குடவோலை உண்டு. பதவிக் காலம் 360 நாள்.

சீட்டெடுப்பது குருட்டு அதிர்ஷ்டமல்லவா என்று சிலர் நகைப்பதுண்டு. அவர்கள் ஒன்றை மறந்து விடுகிறார்கள். குடத்தில் ஓலை விழுவதற்கு முன்பே சபையார் தகுதிகளை வரையறுத்துவிட்டார்கள். 921-ஆம் ஆண்டுச் சாஸனப்படி வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும்; முந்தின 919-ஆம் ஆண்டு ஏற்பாட்டில் 30-க்கும் 60-க்கும் இடையே என்றிருந்தது. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியிருப்பதைப் பார்த்தால், முதல் ஏற்பாட்டில் ஏதோ சங்கடம் கண்டிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவருடைய பெயர் குடத்துக்குப் போகாது. எந்த வாரியமாவது செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும், அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மைத்துனன், மருமகன் முதலிய உறவினரும் விலக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவனை மட்டும் விலக்கினால் அவன் மைத்துனனை உட்கார வைத்துவிட்டுப் பின்னாலிருந்து நடத்துவான் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூராருக்குத் தெரிந்திருந்தது. கூட்டுறவுச் சங்கங்களில் அனுபவமுள்ளவர்களுக்கு இவ்விதியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இவ்வளவு சிறந்த ஏற்பாட்டின் குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உத்தரமேரூர் அக்காலத்தில் ஒரு சதுர்வேதிமங்கலம். சபை பிராமணர்களின் சபை. அவர்களுள்ளும் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், வேதம் ஓதுவிக்க வல்லவராய் இருக்கவேண்டும். அரைக்கால் வேலி மட்டும் உடையவராயின் அதற்கு ஈடாக அதிகக் கல்வி வேண்டும். ஏரியில் மண் வெட்டிய உழவனுடைய பெயரோ, தறி நெய்தவனுடைய பெயரோ, ஊர்ப் புறத்தே இருத்தப்பட்டவனுடைய பெயரோ, எந்த ஸ்திரீயின் பெயரோ அக்குடத்தில் விழுந்ததில்லை. கணக்கு விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பாயிருந்த சபை, யாருடைய ஊர் என்ற விஷயத்தில் அவ்வளவு குறுகியதாயிருந்தது.

ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியம் ஏற்படுத்திய இச்சாஸனங்களில் பாடசாலைக்கென ஒரு வாரியம் கூறப்படவில்லை. அக்காலத்தில் கல்வியை நடத்தியது வருஷந்தோறும் தண்டும் வரியன்று, நில மானியமே. பட்டவிருத்தி முதலிய பெயர்களால் ஒதுக்கப்பட்ட நிலத்தின் விளைவைக் கொண்டு ஆசிரியரும் மாணவரும் போஷிக்கப்பட்டனர். தென்னார்க்காட்டுப் பகுதியிலுள்ள எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்லூரியில் 340 மாணவர் படித்ததாகச் சாஸனம் கூறுகிறது. உத்தரமேரூருக்கு அதிக தூரமில்லாததும், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்திலுள்ளதுமான திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலத்தில் (1063–1070) பாடசாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கையுள்ள ஆதுலர் சாலையும் கோயிலைச் சார்ந்து நடந்தன. நில மானியத்தில் ஒரு நன்மையுண்டு. எந்தச் சபை மாறினாலும் உபாத்தியாயருடைய நெல் நிற்காது. தீமையும் அதிலேயே இருக்கிறது. மானியம் கொடுத்தவர் எவரைப் படிப்பிக்க எண்ணினாரோ அவரையன்றிப் பிறர் அதில் நுழைய வழியில்லை.

மற்றவர்களுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. சர் தாமஸ் மன்றோ சேகரிப்பித்து 1826-ல் வெளியிட்ட கணக்குப்படி சென்னை ராஜதானியில் 12,498 பாடசாலைகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இவற்றுள் பெரும்பாலானவற்றை ஆண்ட சபை ஏதுமில்லை. பெற்றோர் தானியமாகவும் காசாகவும் கொடுத்தனர். அண்ணாவியின் போதனை பிடிக்காதவர் பிள்ளையை நிறுத்திக்கொண்டார். கொடுக்க இயலாதவரும், கொடுத்தாலும் திண்ணையில் ஏறவிடப்படாதவரும் வெளியே நின்றனர்.

பொது வரியால் பாடசாலை நடத்தும் எண்ணம் இதன் பிறகே வந்தது. 1855-ல் கோதாவரிப் பிரதேசத்தில் ஸப்-கலெக்டராயிருந்த டெய்லர் என்பவரின் முயற்சியால், நரஸாபுரத்தைச் சுற்றியுள்ள குடியானவர்கள் நிலவரியோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கொடுத்துத் தங்கள் கிராமங்களில் பாடசாலை வைத்துக்கொள்ளச் சம்மதித்தனர். அந்த வசூலுக்குச் சட்டபலம் கொடுக்க 1863-ல் சென்னைக் கல்விச் சட்டம் செய்யப்பட்டது. ஜனங்கள் தாமே விரும்பி வரி விதித்துக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. கோதாவரிக்கு வெளியே அது பரவவில்லை. அதற்குக் காரணம் காண்பது கடினமன்று. வரி கொடுக்கச் சம்மதம் கேட்டார்கள்; அவ்வரியைச் செலவிடுவதில் கொடுத்தவனுக்கு நிலையான அதிகாரம் ஏதும் தரவில்லை. 1871-ஆம் ஆண்டின் ஸ்தல நிதிச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று கட்டாய வரியையே ஏற்படுத்தியது. ஆனால் அப்போதைய போர்டுகளில் கலெக்டரே அக்கிராசனர். அங்கத்தினர் ஸர்க்கார் நியமித்தவர்கள்.

இதே காலத்தில் சீமையில் இக்கேள்வி வேறு விதமாகத் தீர்க்கப்பட்டது. அது பாடசாலைக்கென்றே தனித் தேர்தல் நடத்திப் பார்த்த முயற்சியாதலால் சற்று விரிவாகக் கூறத்தக்கது. 1870-ஆம் ஆண்டு ஆரம்பக் கல்விச் சட்டத்தின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாடசாலை போதாத ஊர்களில் ஸ்கூல் போர்டு என்ற சபை தேர்ந்தெடுக்கப்பட்டது. ரோடு, சாக்கடை, விளக்கு எதுவும் அதன் வேலையன்று. பாடசாலை ஒன்றே வேலை. தனக்கு வேண்டிய தொகையை அது நிர்ணயித்து எழுதினால் ஸ்தல வரி வசூலிக்கும் அதிகாரிகள் அத்தொகையைக் கொடுத்தே தீரவேண்டும்.

வோட்டு முறையும் புதியது. ஒரு போர்டுக்கு 15 ஸ்தானங்கள் என்றால் ஒவ்வொரு வோட்டருக்கும் 15 வோட்டு. அவற்றை 15 அபேட்சகர்களுக்கு ஒவ்வொன்றாகப் பகிரலாம். விரும்பினால் பதினைந்தையும் ஒரே அபேட்சகருக்குக் கொடுத்துவிடலாம். ஊரில் சிறு தொகையினராயுள்ள மதத்தினரும் தங்கள் வோட்டுக்களை ஒருவர் மேல் குவித்து அவரைப் போர்டுக்கு அனுப்ப முடிந்தது. 1870-ல் பர்மிங்ஹாம் நகரில் லிபரல் கட்சியார் பெரும்பான்மையோர் என்ற தைரியத்தில் 15 ஸ்தானங்களுக்கும் 15 பேரை நிறுத்தினர். அவர்களுடைய வோட்டுக்கள் சிதறி 6 பேரே வந்தனர். எதிர்க்கட்சியார் 8 பேரை அடைந்தனர். மீதி ஒரு ஸ்தானம் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாருக்குக் கிடைத்தது. சிறு வகுப்பினரின் பிரதிநிதியான அவரே எல்லோரிலும் அதிக வோட்டுப் பெற்றார். லண்டன் போர்டின் முதல் தேர்தலில், பார்லிமெண்டுக்கு வோட்டே இல்லாத ஸ்திரீ ஜாதியைச் சேர்ந்த எலிஸபெத் காரெட் என்ற வைத்தியர் 47,000-க்கு மேற்பட்ட வோட்டுப் பெற்று முதல்வராக வந்தார். வரி கொடுக்கும் ஸ்திரீகளுக்கு இத்தேர்தலில் வோட்டும் உண்டு, நிற்கும் உரிமையும் உண்டு.

1902-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தப் போர்டுகள் கலைக்கப்பட்டுப் பாடசாலைகள் கவுண்டி, நகர சபைகளின் வசம் ஒப்புவிக்கப்பட்டன. லண்டனில் 1904-ல் இம்மாறுதல் நடந்தது. சிறு சிறு போர்டுகள் பலவற்றுக்குப் பதில் பெரிய நிர்வாகம் ஏற்பட்டதால் உயர்தரப் பாடசாலைகள் பெருகின என்பது உண்மை. போனதும் உண்டு. கவுண்டி சபைத் தேர்தலுக்கு நிற்கும் உரிமை ஸ்திரீகளுக்கு 1907 வரையில் கிடையாது. அதுவரையில் அவர்கள் கல்விக் கமிட்டிகளில் பிறரால் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களாகவே இருக்க நேர்ந்தது.

அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 1970 முதல் 1999 வரையில் தன் 32 பாடசாலை வட்டங்களுக்கு ஒன்பது ஒன்பது பேரை விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் தெரிந்தெடுத்தது. குடியுரிமையில்லாத பெற்றோருக்கும் அதில் வோட்டு உண்டு. முறை நியாயமானதே, ஆனால் வோட்டளிக்க வந்தவர் மிகச் சிலராகவே இருந்தனர். 2002-ல் அந்தப் போர்டுகளை எடுத்துவிட்டு மேயரிடம் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். பெற்றோர் வராத தேர்தலில், வந்தவர் வைத்ததே சட்டமாகும் என்பதற்கு இவ்வளவு பெரிய நகரமும் விலக்காயில்லை.

செங்கற்பட்டு ஜில்லாவுக்குத் திரும்பினால் இங்குள்ள நிலைமை வேறு. ரிப்பன் பிரபு 1882-ல் வெளியிட்ட ஸ்தல சுய ஆட்சித் தீர்மானத்தையொட்டி 1884-ல் ஜில்லா போர்டும் தாலூகா போர்டும் அமைந்தன. உத்தரமேரூர் அப்போது மதுராந்தகம் தாலூகாவைச் சேர்ந்தது. மெள்ள மெள்ளத் தேர்தல் வந்ததாயினும் சொத்தும் வரியும் உடையவருக்கே வோட்டு. கோயிற் சுவரில் கால்வேலி என்று எழுதியிருந்தது, சட்டப் புத்தகத்தில் வரி ரசீது என்று மாறியது, அவ்வளவே.

இந்த வோட்டர் ஜாபிதாவுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பதை இதே ஜில்லாவின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கை காட்டியது. செங்கற்பட்டு ஜில்லாவில் பறையர் என்று அழைக்கப்பட்ட மக்களின் நிலமின்மை, கடன், கல்வியின்மை ஆகியவற்றை அவர் விவரித்தார். அதன் விளைவாக 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவும், 1893-ல் அவர்களுடைய பாடசாலைகளுக்கு விசேஷ உதவி அளிக்கும் உத்தரவும் பிறந்தன. கவனிக்க வேண்டியது யாதெனில், இவ்வுதவி எந்த போர்டின் வோட்டினாலும் வந்ததன்று. மேலிருந்து வந்த உத்தரவு. ஊரில் வோட்டுள்ளவர்களின் சபை தானாகவே இதைச் செய்திருக்குமா என்பது சந்தேகமே.

1920-ல் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. ஸ்தல ஸ்தாபனங்கள் கல்வி வரி விதிக்கலாம். அவ்வரியால் வசூலாகும் தொகைக்குக் குறையாத தொகையை ஸர்க்காரும் சேர்த்துக் கொடுக்கும். ரூபாய்க்கு ரூபாய் என்னும் இந்த ஏற்பாடு மிகவும் சிலாக்கியமானது. ஊரார் ஒரு ரூபாய் வசூலித்தால் பாடசாலைக்கு இரண்டு ரூபாய். அதோடு ஜில்லா கல்விக் கவுன்ஸில் என்று ஒரு தனிச் சபையும் ஏற்பட்டது. அதில் ஸ்தல ஸ்தாபனங்கள் தேர்ந்தெடுத்தவர்களும் ஸர்க்கார் நியமித்தவர்களும் இருந்தனர். பாடசாலைகளை அங்கீகரிப்பதும் மானியம் பங்கிடுவதும் அதன் வேலை. பாடசாலைக்கெனத் தனிச் சபை இந்த ராஜதானியில் இருந்ததென்றால் அது இதுவே. ஆனால் அது பெற்றோரால் நேரே தெரிந்தெடுக்கப்பட்டதன்று, நெடுநாள் நீடிக்கவுமில்லை. 1934-ல் தாலூகா போர்டுகளும் எடுபட்டு ஆரம்பப் பாடசாலைகள் ஜில்லா போர்டின் வசமாயின. உத்தரமேரூர்க் குடியானவருக்குப் பாடசாலையை ஆளும் சபை இன்னும் ஒரு படி தூரமாயிற்று. ஜில்லா போர்டுகளின் காலத்தில், பிரஸிடெண்டு கோபித்தால் உபாத்தியாயருக்கு மாற்றல் என்ற பயம் எங்கும் இருந்ததை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பவர் பலர்.

இதற்கிடையே 1932-ல் பிரதிநிதித்துவத்தையும் கல்விப் பணத்தையும் ஒரே காகிதத்தில் எழுதிய ஓர் உடன்படிக்கை உண்டாயிற்று. அது செப்டம்பர் 24-ல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குத் தனி ஸ்தானங்கள். அவ்வகுப்பு வோட்டர்கள் முதலில் நால்வரைத் தெரிந்தெடுப்பர். அந்நால்வருள் ஒருவரைப் பின்னர் எல்லா வோட்டர்களும் சேர்ந்து தெரிந்தெடுப்பர். இம்முறை சட்டசபைகளுக்கு. ஸ்தல ஸ்தாபனங்களிலும் அவர்களுக்குத் தக்க பிரதிநிதித்துவம் தேட வேண்டும் என்றும், ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து போதிய தொகையை அவர்கள் கல்விக்கென்றே ஒதுக்கி வைக்கவேண்டும் என்றும் அதில் தனித்தனி ஷரத்துக்கள் உண்டு. ஸ்தானங்களின் எண்ணிக்கையைப் பற்றிய வாதமே பின்னர் அதிகமாகப் பேசப்பட்டது. கல்வி ஷரத்து அவ்வளவாகப் பேசப்படவில்லை. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசனார், டாக்டர் அம்பேத்காருடன் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்றவர். அம்மகாநாட்டில் பேசப்பட்ட விஷயம் இந்தப் பக்கத்துச் சேரிப் பிள்ளைகளையும் பற்றியதே என்பதை மறக்கலாகாது.

சுதந்திரத்துக்குப் பிறகு வயது வந்த எல்லோருக்கும் வோட்டு வந்தது. 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டப்படி ஊராட்சி ஒன்றியங்கள் ஏற்பட்டு, ஜில்லா போர்டின் ஆரம்பப் பாடசாலைகள் அவற்றின் வசமாயின. அக்காலத்தில் ஊராரின் உற்சாகம் மிகுந்திருந்தது. மதிய உணவுத் திட்டத்தில் ஒரு சாப்பாட்டுக்கு 10 நயா பைசா என்று கணக்கிட்டு, 6 பைசா ஸர்க்காரும் 4 பைசா ஊராரும் கொடுத்தனர். கல்வி டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளில் நிலமும் நாற்காலியும் மணியும் கரும்பலகையும் குவிந்தன. கொடுத்தவர்களைப் பாராட்டுவது தகும். ஆனால் கொடுத்தவரின் பெயர் சுவரில் ஏறியபோது, கொடுக்க முடியாதவர் குழந்தையும் அதே பாடசாலையில்தான் படித்தது. நன்கொடையால் மட்டும் நடக்கும் பாடசாலையில் நன்கொடையாளரே சபையாகிவிடுவர்.

1981 ஜூன் மாதம் முதல் ஒன்றியப் பாடசாலை உபாத்தியாயர்கள் ஸர்க்கார் ஊழியராயினர். சம்பளம் தேதி தவறாமல் வந்தது. உள்ளூர்ப் பிரமுகரின் கோபத்துக்கு அஞ்சவேண்டியதில்லை என்றாயிற்று. இது நல்லதே. ஆனால் பாடசாலையின் பெயர்ப் பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்றிருக்க, பணமும் ஆளும் வேறிடத்திலிருந்து வரலாயின. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தபோது, பஞ்சாயத்துக்களுக்கு ஒப்புவிக்கக்கூடியவை என்று பதினொன்றாம் அட்டவணையில் எழுதிய 29 விஷயங்களுள் ஆரம்பக் கல்வியும் இடைநிலைக் கல்வியும் 17-வது விஷயமாக இடம்பெற்றன. ஒப்புவிக்கக்கூடியவை என்றுதான் எழுதியிருக்கிறது. ஒப்புவித்தாக வேண்டும் என்று எழுதவில்லை. உத்தரமேரூர் ஒன்றியத்தில் 73 கிராம ஊராட்சிகள் உண்டு. அவற்றின் தலைவர் எவரும் தம் ஊர் உபாத்தியாயரின் சம்பளத்தையோ நியமனத்தையோ தொடுவதில்லை.

இக்காலத்தில் பெற்றோருக்கு நேரே இடமளிக்கும் சபை, 2009-ஆம் ஆண்டு இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 21-வது பிரிவில் பிறந்த பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் ஸ்திரீகளாகவும் இருக்க வேண்டும். நலிந்த வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கேற்ற இடம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ல் ஏறக்குறைய 37,000 ஸர்க்கார் பாடசாலைகளில் 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாய் அமைக்கப்பட்டன. 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவருக்கும் இடம் வைத்து 24 பேராக்கினர். நிலம் வேண்டாம், வரி ரசீது வேண்டாம், வேதம் வேண்டாம். பாடசாலையில் ஒரு குழந்தை படித்தால் போதும். பராந்தகன் காலத்துக் குடத்தைவிட இது எத்தனையோ மடங்கு வாய் அகன்ற குடம்.

பணப்பையைத் திறந்து பார்த்தால் நிலைமை வேறு. 31 முதல் 100 பிள்ளைகள் வரையில் உள்ள பாடசாலைக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் விதிக்கப்பட்ட பொது மானியம் ஆண்டொன்றுக்கு 25,000 ரூபாய். சுண்ணக்கட்டி முதல் குழாய் ரிப்பேர் வரையில் இதற்குள் அடங்கவேண்டும். அத்திட்டத்தின் பணமும் 2024–25-ல் மத்திய ஸர்க்காருக்கும் தமிழ்நாட்டு ஸர்க்காருக்கும் நிபந்தனைகளைப் பற்றி ஏற்பட்ட தகராறில் நின்றுபோயிற்று. எந்தப் பக்கம் நியாயம் என்பது இங்கே விஷயமன்று. எந்த ஊரின் குழுவும் அத்தகராறில் ஒரு வார்த்தை சொல்ல இடமிருக்கவில்லை என்பதே விஷயம். சட்டத்தின் 22-வது பிரிவின்படி பாடசாலை அபிவிருத்தித் திட்டத்தைத் தயாரிப்பது குழுவின் கடமை. அதற்குப் பணம் கொடுப்பது யார் கடமை என்பதில் குழுவின் கை கட்டப்பட்டிருக்கிறது.

சட்டத்தை மாற்றுவது கூட்டுறவுச் சங்கங்களின் கையில் இல்லை. ஆனால் இருக்கிற சட்டத்துக்குள் சங்கங்களுக்குப் பழக்கமான சில காரியங்களை இங்கே கொண்டுவரலாம். முதலாவது, பெற்றோரைத் தெரிந்தெடுக்கும் முறை. பெற்றோர் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால், பெரிய தெருவிலிருந்து வந்தவர்களே எல்லா இடங்களையும் நிரப்புவர். காலனியிலிருந்தும் ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்தும் கூலி வேலையை விட்டு வர முடியாதவர்கள் பெயரளவில் சேர்க்கப்படுவர். குடும்புக்கு ஒரு குடவோலை என்ற பழைய முறையை எடுத்துக்கொண்டு, குடியிருப்புக்கு ஒரு குடம் வைப்பது இதற்கு நல்ல பரிகாரம். அந்தந்தக் குடியிருப்பின் பெற்றோருக்குள், சம்மதமுள்ளவர்களின் பெயர்கள் மட்டும் அதில் விழட்டும். சட்டம் கூறும் ஸ்திரீகளின் பங்கும் நலிந்தோரின் பங்கும் குறையாதபடி குடங்களை வகுத்துக்கொள்ளலாம். எல்லாப் பெற்றோரும் ஒப்பினால் இதற்குத் தடையிருப்பதாகத் தோன்றவில்லை. சீட்டில் பகையில்லை, தோற்றவர் என்று ஒருவரும் இல்லை.

இரண்டாவது பணம். கூட்டுறவு இயக்கம் இதில் பழையது. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சென்னை ராஜதானியின் முதல் கிராம நாணயச் சங்கம் பதிவானது பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில்தான். 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-வது பிரிவு, நிகர லாபத்தில் கால் பங்கை ரிஸர்வ் நிதிக்கு ஒதுக்கிய பிறகு, மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை ரிஜிஸ்டிராரின் அனுமதியுடன் தர்ம காரியங்களுக்குக் கொடுக்கலாம் என்றது. கல்வியும் அதிலடங்கும். நானூறு ரூபாய் லாபமென்றால் நூறு ரிஸர்வுக்கு. மீதி முந்நூற்றில் முப்பது ரூபாய் பாடசாலைக்கு. பொது நல நிதி என்ற பெயரில் அவ்வழி இன்றுவரை தொடர்ந்து வருகிறது. சங்கங்கள் இந்நிதியிலிருந்து விழாவுக்கும் பந்தலுக்கும் கொடுப்பதுண்டு. பாடசாலைக்குக் கொடுப்பதானால் ஒரு நாற்காலியில் சங்கத்தின் பெயரை எழுதிக் கொடுப்பதைவிட, மேலாண்மைக் குழு தன் திட்டத்தில் எழுதிய ஒரு வேலைக்கென்று, குழுவின் கணக்கில் கட்டுவது நலம். அப்போது ஓடு மாற்றுவதா குழாய் போடுவதா என்பதைப் பெற்றோரே தீர்மானிப்பர். கொடுத்த சங்கம் கணக்கை மட்டும் கேட்கும். 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ரூபாய்க்கு ரூபாய் என்ற தர்மம் மறுபடி வருமா என்று ஒன்றியத்தையும் ஸர்க்காரையும் கேட்பதற்கும், கையில் ஒரு ரூபாய் வைத்துக்கொண்டு கேட்பது மேல்.

மூன்றாவது கணக்கு. மேலாண்மைக் குழுவில் அமரும் தாய்மாரில் பலருக்கு ரொக்கப் புத்தகம் புதிது. தலைமை உபாத்தியாயர் நீட்டிய இடத்தில் கையெழுத்திடுவதோடு வேலை முடிந்ததென்று எண்ணுகிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் வரவு செலவு எழுதிப் பழகியவர்களும் பாடசாலைக்குள் வந்ததும் மௌனமாகிவிடுவது ஆச்சரியமே. மாதக் கூட்டத்தில் வரவையும் செலவையும் உரக்க வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினால் இது மெள்ள மாறும். வருஷ முடிவில் அக்கணக்கை ஊராட்சிக் கிராம சபையில் ஒருமுறை வாசிக்கச் செய்யலாம். கணக்குக் காட்டாத வாரியத்தார் மறுமுறை குடத்துக்கு வரலாகாது என்ற விதியை அங்கேயே நினைவூட்டலாம். ஒரு பாடசாலையின் ஓராண்டுக் கணக்கு சாதாரணமாகச் சில பக்கங்களுக்கு மேல் இராது. சங்கத்தின் காரியதரிசி குழுவினருடன் உட்கார்ந்து ரசீதுகளை ஒப்பிட்டுப் பார்த்து, அந்தத் தாய்மாருக்குப் பேரேடு எழுதும் விதத்தைச் சொல்லிக் கொடுக்க ஒரு பிற்பகல் போதும்.